சுறாக்களுக்கு ஒரு நகல்

அடியில் 'நகல்' என்று போட்டு நாலு பேரை வரிசையாக எழுதாத எந்தக் கடுதாசியையும் அவர் நம்பமாட்டார். அவரைப் பற்றி இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் முக்கால்வாசி சொன்ன மாதிரிதான்.

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் நானும் அவரும் எட்டு வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். கப்பலில் வருகிற, போகிற பெட்டிகளுக்குச் சுங்கத்தில் காகித வேலை முடித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. நான் டைப் அடிப்பேன், அவர் சரிபார்ப்பார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலில், மீதிப் பேர் போட்டில். இவருக்கு மட்டும் கடல் ஆகாது. ஒரு தடவை கப்பல் கேப்டனிடம் கையெழுத்து வாங்கி வர லாஞ்ச் படகில் அனுப்பினார்கள். கயிறு அவிழ்ப்பதற்கு முன்னாலேயே வாந்தி எடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை மேசையை விட்டு யாரும் எழுப்பவில்லை.

நான் உள்ளே தள்ளிப் பனங்காட்டு ஊரைச் சேர்ந்தவன். அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைச் சாதாரணமாக 'ஏலே' என்பார். கோபம் வந்தால் 'தம்பி' என்பார்.

காகிதத்தை அவர் படிக்கிற விதமே தனி. வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைப்பார். ஒரு வரி முடிந்தால்தான் ஸ்கேல் இறங்கும். கண்டெய்னர் எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் மற்றதெல்லாம் சரியா என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு ஒரு பெருக்கல் கணக்கு உண்டு. நாங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம். அவர் கண்ணை மூடி உதட்டை அசைப்பார், அவ்வளவுதான். ஒருமுறை நான் இறால் ஏற்றுமதிப் பெட்டி ஒன்றுக்கு ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். "ஏலே, நீ எழுதிருக்கிற பெட்டி உலகத்துலயே கெடையாது" என்று மெதுவாகச் சொல்லி, தாளை மடக்கி என் பக்கம் தள்ளினார். முதலாளி காதுக்கு அது போகவே இல்லை. போயிருந்தால் அன்றைக்கே நான் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

இவ்வளவு கூர்மையான மனிதர் எதை நம்புவார், எதை நம்பமாட்டார் என்பதுதான் வேடிக்கை. வாயால் சொன்ன எதையும் நம்பமாட்டார். டீ கொண்டு வருகிறவர் இன்றைக்குப் பால் இல்லை என்றால், "எழுத்துல குடு" என்பார். செய்தித்தாளையும் நம்பமாட்டார், எழுதினவன் கையெழுத்துப் போடவில்லையாம். ஆனால் ஒரு தாளில் ந.க. எண், பொருள், பார்வை என்று வரிசையாக இருந்து, அடியில் நகலும் இருந்துவிட்டால் போதும். அதில் என்ன எழுதியிருந்தாலும் அது நடந்தது, அல்லது நடக்கப்போவது.

"பொய் சொல்லுதவன் நாலு பேருக்கு நகல் அனுப்புவானாலே? மாட்டிக்கிட மாட்டானா?" என்று கேட்பார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இனிமேல் எல்லாம் இணையத்திலேயே தாக்கல் செய்தால் போதும், அசல் காகிதம் கொண்டுவர வேண்டாம் என்று நிஜமாகவே ஓர் உத்தரவு வந்தது. அடியில் நகல் இல்லாத அதை அவர் போனில் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அசல் வேண்டாமாம்லே. நல்லா எழுதிருக்கான் பய" என்றார். இரண்டு வாரம் அதை யாரோ கேலிக்கு எழுதியது என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். சுங்கத்தில் அவர் நீட்டிய அசலை ஒருவரும் வாங்காத பிறகுதான் வாயை மூடினார்.

கேலிக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

ஃபேஸ்புக்கில் பெயர் போடாமல் ஒரு பக்கம் வைத்திருந்தேன். அரசு உத்தரவு மாதிரியே அச்சு அசலாக எழுதி, உள்ளே கிறுக்குத்தனமாக எதையாவது வைப்பேன். அடியில் 'சிரிப்பதற்காக மட்டும்' என்று ஒரு வரி போடுவேன். அந்த வரியைத்தான் மக்கள் முதல் வேலையாக வெட்டிவிட்டு வாட்சப்பில் அனுப்புவார்கள். வெட்டினால்தான் அதற்கு மதிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பரோட்டாக் கடைகளில் மூன்றாவது தடவை சால்னா கேட்பவர்கள் ஆதார் நகல் தர வேண்டும் என்று ஒன்று எழுதினேன். அண்ணாச்சி மறுநாளே நகல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, மூன்றாவது சால்னாவுக்குக் கையைத் தூக்கினார், கூடவே நகலையும் நீட்டினார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு அண்ணாச்சி?"

"உத்தரவு வந்திருக்குல்லா? ஒனக்கு நகல் வரலியா?"

கடைக்காரர் கெட்டிக்காரர். எனக்கு ஏன் இது தோன்றாமல் போயிற்று என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார். அடுத்த வாரம் அந்தக் கடையில் 'மூன்றாவது சால்னாவுக்கு ஆதார் நகல் அவசியம்' என்று போர்டு தொங்கியது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படிந்தது. நானும் ஒரு நாள் நகல் கொடுத்துத்தான் சால்னா வாங்கினேன்.

அதிலிருந்து எனக்கு ருசி கண்டுவிட்டது. எதிர் மேசையில் ஸ்கேலை வைத்து அவர் படித்துக்கொண்டிருப்பார், அது நான் முந்தின நாள் எழுதியதாக இருக்கும். ஒரு எழுத்தாளனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை யோசிப்பேன்.

மதியச் சாப்பாட்டின்போது அவர் அடிக்கடி ஒரு கதை சொல்வார். முன்பெல்லாம் இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, ஆட்கள் இறங்குவதற்கு முன் கரையில் ஒருவர் மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவாராம். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். அவர் வராமல் ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்களாம். அண்ணாச்சியின் பாட்டனாருக்கு அப்பா அப்படி ஒரு கடல்கட்டியாம்.

"அப்பம் நீங்களும் கட்டுவீங்களா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்பார்கள். "லாஞ்ச்ல ஏறவிடாம முதல்ல அவரைக் கட்டிப்போடுங்கப்பா" என்று இன்னொருவர் சொல்வார். எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரித்துக்கொண்டே டிபன் பாத்திரத்தை மூடிவிடுவார். பாதிச் சோறு உள்ளேயே இருக்கும். அதை நான் கவனித்திருக்கிறேன். கவனித்தும் அந்தக் கதையைத்தான் எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். பொருள்: முத்துக்குளிப்பு – மீளத் தொடங்குதல் – சுறாக்களின் வாய் கட்டும் பணியிடம் ஒன்று – நிரப்புதல் – தொடர்பாக. பார்வை: கொற்கை அரண்மனையின் வாய்மொழி உத்தரவு, நாள் அழிந்துள்ளது. தகுதிகள்: விண்ணப்பதாரர் பரம்பரைக் கடல்கட்டியாக இருத்தல் வேண்டும். மந்திரத்தை மூன்று பிரதிகளில் சான்றொப்பத்துடன் இணைக்க வேண்டும். வேறு எந்தப் பணியிலும் இருத்தல் கூடாது. தகுதிகாண் பருவத்தில் சுறா கடித்தால் பணி நிரந்தரம் செய்யப்படமாட்டாது. விண்ணப்பங்கள் உரிய வழியாக அனுப்பப்பட வேண்டும். நகல்: ஒன்று, சுறாக்கள், தகவலுக்காக. இரண்டு, திருக்கைகள், தேவையான நடவடிக்கைக்காக. மூன்று, இருப்புக் கோப்பு.

நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. பின்னால் வருவதற்குத்தான் வெட்கம்.

புதன்கிழமைக்குள் அது மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. கடைசி வரி வெட்டப்பட்டு, நாலு பேர் கை மாறி, மாதா கோயில் பங்கு மக்களின் வாட்சப் குழுவில் அவருக்கு வந்து சேர்ந்தது. காலையில் ஆபீசுக்குள் நுழைந்தவர் உட்காரவில்லை. தாளில் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். என் மேசையில் விரித்து ஸ்கேலை வைத்தார்.

"படிலே" என்றார்.

நான் எழுதியதை நானே முதல் தடவை படிப்பவன் மாதிரி படித்தேன். சுறாக்களுக்கு நகல் என்ற இடத்தில் நிறுத்தி, "அண்ணாச்சி, இது என்ன, சுறாவுக்குத் தகவல் போவுமா?" என்று கேட்டேன். அங்கேயாவது பிடிபடட்டும் என்று.

"சுறான்னா மீனாலே? சுறாப் பிரிவு. மீன்வளத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரிவு இருக்கும்" என்றார். "யாருக்குத் தகவல் போணுமோ அவங்களுக்குச் சரியாப் போயிருக்கு பாரு."

பிறகு மற்ற மேசைகளைப் பார்த்துத் திரும்பினார். "இத்தன நாளும் சிரிச்சியளே. இப்பம் கவர்மெண்டே சொல்லுது, கடல்கட்டின்னு ஒருத்தன் உண்டும்னு. முப்பது வருசமா அடுத்தவன் பெட்டிக்குக் காகிதம் பாத்தேன். எனக்குன்னு வந்த காகிதம் இது ஒண்ணுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். மந்திரம் அவருக்குத் தெரியாது. குடும்பத்தில் ஓர் அத்தைக்கு மட்டும் முதல் நாலு வரி நினைவில் இருந்தது. மீதி இடத்துக்குத் தேவமாதா பிரார்த்தனையைச் சேர்த்துக்கொண்டார். மூன்று பிரதியையும் என்னையே டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். இரண்டு தப்பைக் கண்டுபிடித்துத் திரும்ப அடிக்கச் சொன்னார். சான்றொப்பத்துக்குத் தெரிந்த அதிகாரி ஒரு கால்நடை மருத்துவர்தான். அவர் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே, என்ன தாள் என்று கூடப் பார்க்காமல், பச்சை மையில் மூன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாராம். சுறா வாய் கட்டும் மந்திரம், உண்மை நகல், கால்நடை உதவி மருத்துவர். இதை நான் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

உரிய வழி எது என்பதற்கு அவருக்கு மூன்று நாள் பிடித்தது. கடைசியில் சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். பாம்பன் பக்கத்திலிருந்து ஒருவர், எங்கள் குடும்பம்தான் உண்மையான கடல்கட்டி என்று குரல் செய்தி போட்டுத் திட்டியிருந்தார். அதைக் கேட்டதும் இவருக்கு அறிவிப்பின் மேல் நம்பிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. போட்டிக்கு ஆள் வந்துவிட்டால் பணியிடம் இருந்துதானே ஆக வேண்டும்.

இதுவரைக்கும் விளையாட்டு. 'வேறு எந்தப் பணியிலும் இருத்தல் கூடாது' என்று நான் எழுதிய வரி ஒன்று உண்டல்லவா, அதில் போய் ஸ்கேல் நின்றது.

அவர் மனைவி ஒரு நாள் காலையில் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, வேல வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறாவளாம். ரிட்டயருக்கு இன்னும் மூணு வருசந்தான் கெடக்கு. நான் சொன்னா, ஒனக்கு என்னளா தெரியும்னு வாராவ. கடல்ல நின்னா தல சுத்துத மனுசன், சுறா வாயக் கெட்டப் போறாவளாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. ஒங்க மேல அவியளுக்குப் பிரியம் உண்டும்."

சொல்கிறேன் அக்கா என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அந்த அறிவிப்ப எழுதுனது நாந்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. என் மேல் இரக்கப்பட்ட மாதிரி இருந்தது.

"நீயா?"

"ஆமா. சும்மா கேலிக்கு எழுதுனேன். அப்பிடி ஒரு வேலையே கெடையாது."

"ஏலே, ஒன்னோட பில்லுல ஒரு பக்கத்துக்கு நாலு தப்பு இருக்கும். எட்டு வருசமா நாந்தானே திருத்துதேன். இந்த அறிவிப்ப ஏழு தடவ படிச்சிட்டேன். ஒரு புள்ளி மாறல. நீ எழுதுனியாம்." சிரித்தார். "எவ ஒங்கிட்ட வந்து அழுதான்னு தெரியும். வீட்டுக்குப் போ."

அந்த இடத்தில் நான் போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கலாம். இது நான், இது என் கடவுச்சொல், இது எழுதிய நாள் என்று காட்டினால் ஒரு நிமிஷத்து வேலை. கை பைக்குள் போனது, போனைத் தொட்டது, திரும்பி வந்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் எங்கள் முதலாளியைப் பற்றியும் மூன்று இருந்தன. முதலாளி சிரித்த நேரத்தை ஓவர்டைமாகக் கணக்கிடலாகாது என்று ஒன்று. அவர் பெயரைப் போடாவிட்டாலும் யாரைச் சொல்கிறது என்று துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. எழுதுனவன் எவம்லே என்று முதலாளி ஆள் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியிடம் காட்டினால் எழுத்தில் கொடு என்பார், நாலு பேரிடம் விசாரிப்பார், முதலாளியிடமும் கேட்பார். அப்படியானால் வேலை போவது எனக்கு. காட்டாவிட்டால் போவது அவருக்கு. நான் தேர்ந்துகொண்டேன். யோசித்துத்தான் தேர்ந்துகொண்டேன், பதற்றத்தில் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

திங்கட்கிழமை அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அடியில் மூன்று நகல். முதலாளி அரை மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார். சரிபார்க்கிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்த சமயம் அது. எப்படி இந்த ஆளை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. கம்ப்யூட்டர் செய்ததை ஒருவர் மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்று அந்த மேசையை எனக்குக் கொடுத்தார். ஜன்னலோர மேசை. காற்று நன்றாக வரும்.

ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகை அட்டை முத்திரையோடு அவருக்குத் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன். யாரோ ஒருவர் அந்த மந்திரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாலு மாதம் கழித்து ஒரு பதில் வந்ததாம். சுறா வனவிலங்கு வகையில் வருவதால் தங்கள் மனு வேறொரு துறைக்கு அனுப்பப்படுகிறது என்று. அதைப் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம் கோயில் வாசலிலேயே காட்டினாராம். என் பக்கத்தில் அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்கு எனக்கு என்ன மிச்சம் வைத்தார்கள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் அவர் ஆபீசுக்கு வந்தார். மெலிந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. நேராக என்னிடம் வந்து ஒரு தாளை வைத்தார். அந்த இன்னொரு துறையின் கடிதம். அப்படி ஒரு பணியிடம் எங்கும் இல்லை, எந்த அறிவிப்பும் வெளியிடப்படவில்லை, மனு முடிவு செய்யப்பட்டது. அடியில் நகல் ஒழுங்காக இருந்தது.

முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது. அப்படியானால் நாங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கும்.

"ஏலே" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கு நீ ஒண்ணு சொன்னேல்லா. நாந்தான் எழுதுனேன்னு. இப்பம் சொல்லு. நெசமாவே நீதானா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் ஆமாம் என்றால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அடித்திருப்பார். ஒருவேளை ஒரு வருஷமாகத் தன்னை ஏமாற்றியது யார் என்றாவது தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போயிருப்பார். உள்ளே முதலாளி பேச்சை முடித்துப் போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "அக்கா அழுதாவன்னு சும்மா சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். தாளை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"எனக்கும் தெரியும், ஒன்னால முடியாதுன்னு" என்றார். "எவன் எழுதுனானோ தெரியல. ஆனா வேல தெரிஞ்சவம்லே. முப்பது வருசத்துல அப்பிடி ஒரு சுத்தமான கடுதாசிய நான் பாக்கல."

படியிறங்கிப் போய்விட்டார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியின் ஊருக்குப் போனார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் செய்ததை மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்றிரண்டு நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். ஆனால் அவர் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனபோது, அந்தப் பாராட்டு எனக்குத்தான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.